பனிவண்டிக்கு வளையாத கை

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பாகற்கொடிக்கு ஒரு பந்தல் போட்டிருக்கிறோம். அந்தப் பந்தலின் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு வளைந்த அலுமினியத் துண்டு. வீட்டுக்கு வருகிற ஆன்டி, அங்கிள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஃபேன் ரெக்கையா?" என்று கேட்பார்கள். ஃபேன் ரெக்கை இல்லை பிள்ளைகளே. அது ஒரு ஸ்னோமொபைலின் முன்கை. அது எப்படிப் பாகற்கொடிக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்னோமொபைல் என்றால் பனிமேல் ஓடுகிற வண்டி. பைக் மாதிரி ஹேண்டில் இருக்கும், சீட் இருக்கும். சக்கரம் மட்டும் கிடையாது. பின்னால் அகலமான ரப்பர் பட்டை ஒன்று சுற்றித் தள்ளும். முன்னால் இரண்டு ஸ்கீ, அதாவது நீளமான செருப்பு மாதிரி இரண்டு பலகை. அந்த ஸ்கீயை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கிற கம்பிகளுக்கு ஏ-ஆர்ம் என்று பெயர். ஆங்கில எழுத்து 'ஏ' போல இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்கீ மேட்டில் ஏறினால் இந்தக் கை மேலே போகும், பள்ளத்தில் இறங்கினால் கீழே வரும், உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இடுப்பு பிழைக்கும். இதெல்லாம் உடைந்த பிறகு தெரிந்துகொண்டதுதான். உடைவதற்கு முன்னால் அப்படி ஒரு பாகம் இருப்பதே எனக்குத் தெரியாது.

நான் ஐ.டி.ஐ. படித்தவன், அதிலும் எலக்ட்ரீஷியன். இங்கே அமெரிக்காவில், சான்டா கிளாராவில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். அரிசி மூட்டை, முருங்கைக்காய், தேங்காய் இவைதான் என் உலகம். பனிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் வந்தது கறிவேப்பிலையால்.

பிளசன்டனில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு குடும்பம் டெக்சாஸுக்கு வீடு மாறிப் போனது. இங்கே யாராவது ஊர் மாறினால் வாட்ஸப் குழுவில் சாமான்களைப் போடுவார்கள். அவர்கள் போட்டது இது: கறிவேப்பிலைச் செடி, வெட் கிரைண்டர், ஸ்னோமொபைல் ஒன்று, ட்ரெய்லரோடு. டெக்சாஸ் வெயிலில் கறிவேப்பிலை பிழைத்துக்கொள்ளும், வண்டி என்ன செய்யும் பாவம். என் மனைவி கறிவேப்பிலைச் செடிக்காகத்தான் எங்களை அனுப்பினாள். கூட வந்தவன் அவளுடைய தம்பி. சான் ரமோனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான், நல்ல ஆகிருதி, எதையும் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று நம்புகிறவன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாமா என்பான். நாங்கள் திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"செடி எங்க?"

"இதோ, வண்டி சீட்டு மேல கட்டி வச்சிருக்கோம்," என்றான் மாப்பிள்ளை.

அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகச் சியரா மலைக்குப் போனோம். மரங்களுக்கு நடுவே பெரிய வெட்டவெளி, மட்டமான பனி. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற என் மகளை முன்னால் உட்காரவைத்து, நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். பனிக்கு அடியில் ஒரு மரத்தின் அடிக்கட்டை ஒளிந்துகொண்டிருந்தது. இடது ஸ்கீ அதில் முட்டியது. வண்டி மெதுவாக, யோசித்து யோசித்து, எருமை படுக்கிற மாதிரி சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் பனியில் உருண்டோம். அடி ஒன்றும் படவில்லை. அவள் கையிலிருந்த முறுக்குப் பொட்டலம் மட்டும் சிதறியது. இடது கீழ்க்கை வளைந்து, ஸ்கீ மாறுகண் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது.

மகள் எழுந்தாள். முறுக்குகளைப் பொறுக்கினாள். "ஐ'ம் டன் அப்பா," என்றாள். இனி ஏற மாட்டாள், அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று வீடு திரும்பும்போதே என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். "இந்த சீசன் பனி உருகறதுக்குள்ள, அவளா வாயத் தொறந்து 'ஒன் மோர் ரவுண்ட்'னு சொல்லணும். சொன்னா வண்டி நம்ம வீட்ல இருக்கும். இல்லன்னா அதுவும் டெக்சாஸுக்குப் போகட்டும்."

"டெக்சாஸ்ல பனியே இல்லயேக்கா," என்றான் தம்பி.

"அது வண்டியோட தலையெழுத்து. அப்புறம், யாரும் அவளக் கேக்கக் கூடாது. கெஞ்சக் கூடாது. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு பேசக் கூடாது."

வண்டி போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த முட்டலுக்கு முன்னால் கொஞ்ச நேரம், என் மகள் ஹெல்மெட்டுக்குள்ளே பாடிக்கொண்டு வந்தாள். என்னோடு வேனில் வரும்போது காதில் எதையாவது மாட்டிக்கொள்கிற பிள்ளை அவள். அந்தப் பாட்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது என்றால் மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான். வளையாத கை வாங்கிப் போட வேண்டும். அவள் பார்த்து நம்பும்படி.

மாப்பிள்ளை ஆராய்ச்சியில் இறங்கினான். கம்பெனி போட்ட கை அலுமினியம், லேசானது. வெளியே தனியாக விற்கிற கைகளில் இன்னும் தடித்த அலுமினியம் உண்டு, குரோமோலி என்கிற உறுதியான ஸ்டீல் குழாயில் செய்தது உண்டு. தினமும் போன் வரும்.

"மாமா, குரோமோலிதான் ஸ்ட்ராங். ஆனா வெயிட் கொஞ்சம் ஜாஸ்தி."

"எவ்வளவு ஜாஸ்தி?"

"ஒரு தேங்கா அளவு."

"தேங்கா அளவுதானே. நீ ரெண்டு இட்லி கம்மியா சாப்பிடு, சரியாப் போயிடும்."

"மாமா, நான் அந்த வண்டில ஏறவே இல்ல."

எனக்கு ஒரே எண்ணம்தான். ரயில் தண்டவாளம் மாதிரி இருக்க வேண்டும். மோதினால் மரம் விழ வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, சாக்ரமெண்டோ தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கடைக்கு நானும் மாப்பிள்ளையும் மகளும் போனோம். மகளை நான் கூப்பிடவில்லை. "நாங்க கடைக்குப் போறோம், வழியில தோசை சாப்பிடுவோம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவளாகவே வந்து வேனில் ஏறினாள்.

கடைக்காரர் நீளத் தாடி வைத்த அமெரிக்கர். மேசைமேல் வகைக்கு ஒரு கையாக எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். பிறகு பாத்திரக் கடையில் குண்டான் வாங்குவது போல, விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். அலுமினியம் 'டொக்' என்றது. குரோமோலி 'டிங்' என்று நின்று பேசியது.

"இது பேசுது மாப்ள."

அவனும் தட்டிக் கேட்டான். "ஆமா மாமா, ஓட்டை இல்ல."

 கடைக்காரரும் குனிந்து ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தார். இத்தனை வருஷமாக விற்கிறேன், இதைக் கேட்டதில்லை என்றார்.

இருப்பதிலேயே தடிமனான, அகலமான கையைக் கேட்டேன். அகலமாக இருந்தால் வண்டி சாயாது அல்லவா. அவர் தலையை ஆட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மாப்பிள்ளை எனக்காகத் தமிழில் சொன்னான், கொஞ்சம் சத்தமாகவே.

"மாமா, இது மலை வண்டியாம். சரிவுல போகும்போது ஓட்டறவர் வண்டியச் சாய்ச்சுதான் ஓட்டணுமாம். அகலக் கை போட்டா சாயாதாம். இது சாயறதுக்குன்னே செஞ்ச வண்டியாம்."

என் மகளின் முகம் சுருங்கியது. நான் மாப்பிள்ளையின் காலை மிதித்தேன்.

கடைக்காரர் விடவில்லை. ரொம்பத் தடித்த கையும் வேண்டாம் என்றார். கை வளையவே இல்லை என்றால் அடி முழுவதும் உள்ளே போய், கையை மாட்டியிருக்கிற வண்டி உடம்பு பிளந்துவிடுமாம். கையை அரை நாளில் மாற்றலாம், உடம்பை மாற்ற முடியாது. அதனால் கை கொஞ்சமாவது வளைந்து கொடுக்க வேண்டுமாம்.

"மாமா, கை வளையறதுக்குன்னே—"

"போதும் மாப்ள."

நான் வளையாத கை வாங்கி மகளுக்குத் தைரியம் சொல்ல வந்தவன். இந்த மனிதரோ வண்டி சாயும், கை வளையும் என்று உண்மையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். என் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், அப்படி வளைந்த கையெல்லாம் எங்கே என்று கேட்டாள். அவர் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பீப்பாயை இழுத்து வந்தார். உள்ளே முழுவதும் வளைந்த கைகள். முறுக்கியது, மடங்கியது, கொக்கி போல ஆனது, ஒன்று ஜிலேபி மாதிரி.

எனக்கு உயிரே போய்விட்டது. இனி இந்தப் பிள்ளை பனி இருக்கிற படத்தைக்கூடப் பார்க்காது என்று நினைத்தேன்.

அவள் ஜிலேபியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாட் ஹாப்பன்ட் டு தெம்?" என்றாள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று. கேட்டது கைகளைப் பற்றி அல்ல, ஓட்டினவர்களைப் பற்றி.

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். எல்லாரும் இங்கே வந்து இதைப் போட்டுவிட்டுப் புதுக் கை வாங்கிக்கொண்டு போனார்கள் என்றார்.

"ஆல் ஆஃப் தெம்?"

எல்லாரும்தான் என்றார்.

அவள் ஜிலேபியைப் பீப்பாயில் போட்டாள். பிறகு மேசையில் இருந்த நடுத்தர குரோமோலியைக் காட்டினாள், பழைய அகலத்திலேயே இருந்தது. கம்பெனிக் கையைவிட உறுதி, ஆனால் வண்டி உடம்பு போவதற்கு முன்னால் தான் வளைந்துகொள்ளும் என்று கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். அவள் பார்த்தது ஆரஞ்சு நிறத்தையா உறுதியையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

இரண்டு பக்கத்துக்கும் வாங்கினோம். மனைவி போனில், "வளைஞ்சது ஒண்ணு, எதுக்கு ரெண்டு பக்கமும்?" என்றாள்.

"நீ ஒரு காதுக்கு மட்டும் கம்மல் வாங்குவியா?"

போனை வைத்துவிட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் ஜெயித்த சில பேச்சுகளில் அது ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் கராஜில் சோதனை. மகள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்தோம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே புதுக் கையைப் பாலம் மாதிரி வைத்து, அதன்மேல் மாப்பிள்ளை உட்கார்ந்தான். கை அசையவில்லை. மாப்பிள்ளை பெருமையாகக் கால்மேல் கால் போட்டான். ஒரு நாற்காலியின் கால்கள் நாலு பக்கமும் விரிந்து, அவன் தரையில் இருந்தான். கை அவன் மடியில் இருந்தது, நேராக.

மகள் கதவோரம் நின்று சிரித்தாள். "மாமா, தி சேர் நீட்ஸ் குரோமோலி."

"சிரி, சிரி. இடுப்பு எனக்குத்தானே," என்றான் அவன்.

பழைய கைகளைக் கழற்றிப் புதுக் கைகளை மாட்டி முடித்தோம். வளைந்த பழைய கையை மனைவி பின்பக்கம் கொண்டுபோய்ப் பாகற்பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். அப்போது மனைவி இன்னொரு விஷயத்தை எடுத்தாள். முதல் தடவை வண்டிக்குப் பூஜை போடாமல் போனதால்தான் மரக்கட்டை வந்தது என்றாள். மரக்கட்டை அங்கே நமக்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கம்மல் வெற்றியோடு நிறுத்திக்கொண்டேன்.

ட்ரெய்லரோடு இழுத்துக்கொண்டு கோவில் பார்க்கிங்கில் போய் நின்றோம். அர்ச்சகர் தட்டோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இது தண்ணில போறதா?"

"பனில போறது சாமி," என்றேன்.

"பனின்னா கெட்டித் தண்ணிதானே. சரி. சக்கரம் எங்க? எலுமிச்சம்பழத்த எதுக்கு அடியில வெக்கறது?"

 மாப்பிள்ளைதான் ட்ரெய்லரின் சக்கரத்தைக் காட்டினான். அதற்கு அடியில் பழத்தை வைத்து, நான் வேனை நகர்த்தி, நசுக்கியாயிற்று.

மனைவிக்குத் திருப்தி இல்லை. "அது ட்ரெய்லருக்குப் பண்ண பூஜை. வண்டிக்கு இல்ல."

அர்ச்சகர் பொறுமையான மனிதர். ஸ்கீ இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். மனைவி வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிற்றை எடுத்தாள். நம் ஊரில் லாரிக்கு முன்னால் தொங்குமே, கண்ணேறு படாமல் இருக்க, அதேதான். எங்கே அடி பட்டதோ அங்கேயே கட்ட வேண்டும் என்று, இடது பக்கப் புதுக் கையில் கட்டினாள். அவள் போட்ட முடிச்சு ஃப்ரீவேயில் அத்தனை காற்றுக்கும் அவிழவில்லை.

அந்த வருஷத்துப் பனிக்கு அதுதான் கடைசி வாரமாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதே வெட்டவெளி. போன தடவை முட்டிய கட்டை இப்போது பனிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதது மாதிரி நின்றது. மகள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். ஆனால் பனிமேல் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஹெல்மெட் எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மனைவி கண்ணாலேயே எங்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

சரி, தனியாக ஓட்டிக் காட்டுவோம் என்று கிளம்பினேன். கொஞ்ச நேரம் நேராகப் போய், இடது பக்கம் திரும்பி, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினேன். ஆரஞ்சுக் கை அழகாக வேலை செய்தது. திரும்பி வலது பக்கம் போகலாம் என்று ஹேண்டிலைத் திருப்பினேன். திரும்பவில்லை. பலம் கொண்டமட்டும் இழுத்தேன். நேராக வரும், இடது பக்கம் வரும், வலது பக்கம் மட்டும் வராது.

அப்போது நிறுத்தியிருக்க வேண்டும்தான். ஆனால் நாற்காலியில் என் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புதுக் கை பூட்டிய முதல் நாளே வண்டி கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? இடது பக்கமாகவே சுற்றினேன். அவர்களைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே சுற்றுகிறவன் மாதிரி கையை ஆட்டினேன். கோவில் பிரகாரத்தில் இப்படி இடது பக்கமாகச் சுற்றியிருந்தால் யாராவது பிடித்து நிறுத்தியிருப்பார்கள்.

"மாமா, ரைட்ல திருப்புங்க, வீடியோல ஒரே பக்கமா வருது," என்று கத்தினான் மாப்பிள்ளை.

காது கேட்காத மாதிரி போனேன். மறுபடி வரும்போது மகள் நாற்காலியை விட்டு எழுந்து, தூரத்திலேயே டிராஃபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டினாள். நிறுத்தினேன்.

"அப்பா, வை ஆர் யூ கோயிங் இன் சர்க்கிள்ஸ்?"

"சும்மா... ஒரு பிராக்டீஸ்."

அவள் என்னை நம்பவில்லை. இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பனியில் குப்புறப் படுத்து, இடது ஸ்கீக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வண்டியின் கதை முடிந்தது என்று நினைத்தேன். போல்ட்டைத் தப்பாக முடுக்கினேனோ, கடைசியில் இந்தக் கையும் போயிற்றோ என்று நானும் குனிந்தேன்.

"தேர்ஸ் எ லெமன்," என்றாள்.

எலுமிச்சம்பழம்தான். ஈரப்பனி அதன்மேல் ஒட்டி ஒட்டி, உறைந்து, கிரிக்கெட் பந்து மாதிரி ஆகி, கைக்கும் ஸ்கீ திரும்புகிற மூட்டுக்கும் நடுவே ஆப்பு அடித்தது போல உட்கார்ந்திருந்தது. மிளகாய்கள் மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என்ன கை, என்ன ஸ்டீல் என்று எத்தனை நாள் பேசினோம். எலுமிச்சம்பழத்தைப் பற்றி எந்த வீடியோவும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தான். ஒரு மிளகாய்தான் பிய்ந்து கையோடு வந்தது. அதை எறிந்துவிட்டு, வேர்க்கிறது என்று கண்ணைத் துடைத்தான்.

"அக்கா. அக்கா. கண்ணு."

"பனிய அள்ளிக் கண்ணுல வைடா."

கயிற்றை அறுக்கலாம் என்றேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, பூஜை செய்த கயிறாம். அறுப்பதற்குக் கத்தியும் இல்லை, எங்களிடம் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூன். சுடுதண்ணீர் இருந்தால் உருக்கிவிடலாம் என்றேன். சுடுதண்ணீரும் இல்லை.

மகள் எழுந்து சாப்பாட்டுப் பைக்குப் போனாள். பெரிய ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏய், அது ரசம்," என்றாள் மனைவி.

"இட்ஸ் ஹாட்," என்றாள் மகள்.

"எல்லாத்தையும் ஊத்தாத கண்ணு, மாமா பாவம்," என்றான் கண்ணை மூடியபடி மாப்பிள்ளை.

அவள் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து ஊற்றினாள். ஆவி கிளம்பியது. ஆரஞ்சுக் கையில் கொத்தமல்லித் தழை ஒட்டியது, ஸ்கீயின் மேல் ஒரு தக்காளித் துண்டு உட்கார்ந்தது, பனி புளி நிறத்துக்கு மாறியது. பக்கத்தில் வண்டியை நிறுத்திய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இதுதான் வண்டிக் கையைக் கழுவுகிற மருந்தா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை ஆமாம் என்று சொல்லிவிட்டான். ஃபிளாஸ்க் காலியாகிற நேரத்தில் 'பொளக்' என்று பழம் வழுக்கிக்கொண்டு வந்து, கயிற்றோடு தொங்கியது. ஈரத்தில் ஊறிய முடிச்சை மனைவியே அவிழ்த்தாள். மகள் பழத்தைத் தன் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஹேண்டில் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. பார்க்க வேண்டுமென்றால் சீட்டில் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்தாள். இடது பக்கம் திருப்பினாள். வலது பக்கம் திருப்பினாள். குனிந்து கையைப் பார்த்தாள். மறுபடி இடது, வலது.  மனைவி வானத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஒரு கண்ணில் பனியை வைத்துக்கொண்டு இன்னொரு கண்ணால் மரத்தைப் பார்த்தான்.

"அப்பா, கெட் ஆன். நான் ஸ்கீயப் பாத்துக்கறேன்."

ஏறினேன். நடக்கிற வேகத்தில்தான் போனோம். அவள் குனிந்து இரண்டு ஸ்கீயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கட்டையிலிருந்து எட்டத் தள்ளி, வலது பக்கமாகச் சுற்றினோம். ரசத்தில் நனைந்த கை மேலே போயிற்று, கீழே வந்தது. பாதி தூரத்துக்கு மேல் அவள் குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. இன்ஜின் சத்தத்தில் என்ன பாட்டு என்று விளங்கவில்லை.

திரும்பி வந்து நின்றோம். மனைவி சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"ரசம் இல்ல. வெறும் தயிர்தான். எல்லாரும் சாப்பிட வாங்க."

என் மகள் இறங்கவில்லை. ஹேண்டிலில் கை வைத்தபடி, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன் மோர் ரவுண்ட்."

மனைவி டப்பாவை மூடினாள்.  மாப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, அவங்க போகட்டும். டப்பாவ எதுக்கு மூடற?"